வலி வருமுன் ஏன் பரிசோதனை?

உடம்பில் ஒரு தொந்தரவும் இல்லாத பெண்ணைக் கருப்பைவாய்ப் பரிசோதனைக்கு ஏன் அழைக்க வேண்டும்? தொந்தரவு இல்லாத காலத்தில்தான் கருப்பைவாய்ப் புற்றுநோயை மறிக்க முடியும் என்பதால். இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. என்ற வைரஸின் தொற்றுகளில் பெரும்பாலானவை ஓரிரு ஆண்டுகளில் தாமாகவே மறைகின்றன. தங்கிவிடும் சில, செல்களை மெல்ல மாற்றிப் புற்றுநோயாக்க வழக்கமாகப் பத்துப் பதினைந்து ஆண்டுகளாவது ஆகும். ரத்தப்போக்கு தெரியும்போது அந்த அவகாசம் பெரும்பாலும் தீர்ந்திருக்கும். முந்திய கட்டத்தைக் காண நீர்த்த அசிட்டிக் அமிலமே போதும்: பஞ்சை அதில் தோய்த்துக் கருப்பைவாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், உட்கரு பெருத்து நெருங்கிய செல்களில் புரதம் உறைந்து, அந்த இடம் மட்டும் வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியரே பார்த்துவிடலாம். திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயதுப் பெண்களுக்கு இப்படி ஒரே ஒருமுறை பார்த்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்த ஆய்வின் முடிவு 2007இல் வெளியானது. பரிசோதனை நடந்த பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த இறப்பு 35 சதவீதம் குறைவு.

வெளுத்ததெல்லாம் புற்றுநோயின் முன்னோடி அல்ல என்ற ஆட்சேபம் நியாயமானது. அழற்சியும் வெளுக்கும், பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தும் முடிவு மாறும். மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத்தில் நடந்து 2009இல் வெளியான ஆய்வில் அமிலச் சோதனையால் இறப்பு குறிப்பிடும்படி குறையவில்லை, ஹெச்.பி.வி. சோதனை செய்த பிரிவில் ஏறக்குறைய பாதியானது. எனவே வசதியுள்ள இடத்தில் ஹெச்.பி.வி. சோதனையே மேல் என்பேன். வசதி வரும்வரை சும்மா இருக்க அது காரணமாகாது. தடுப்பூசி இருக்கிறதே என்பார்கள். அது புதிய தொற்றைத் தடுக்கும், ஏற்கெனவே தங்கிய வைரஸை அகற்றாது. 9 முதல் 14 வயதுக்குள் மகளுக்கு ஊசி போட அழைத்துச் செல்லும் தாய், அன்றே தனக்கும் பரிசோதனையைக் கேட்கலாம்.