பேரீச்சம்பழத்துக்குப் போன தையல் மிஷின்

என் தாயார் குடியாத்தத்திலிருந்து சித்தூருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, தாத்தா சீதனமாகக் கொடுத்தது ஒரு சிங்கர் கைமிஷின். அப்பாவின் குமாஸ்தா சம்பளம் இருபதாம் தேதிக்குள் தீர்ந்துவிடும். மீதிப் பத்து நாளை ஓட்டியது அந்த மிஷின்தான். தெருவிலிருந்த தெலுங்கு வீட்டுப் பெண்கள் ரவிக்கைத் துணியோடு வருவார்கள். 'குட்டு மிஷன்' என்பார்கள். அவர்களுக்குக் குட்டு என்றால் தையல். நமக்கோ தலையில் விழுவது! இதைச் சொல்லி நானும் தங்கையும் சிரிக்காத நாளில்லை. எங்கள் பள்ளிச் சம்பளம் முழுவதும் அந்தச் சக்கரம் சுற்றி வந்த பணம்.

அம்மா காலமான பிறகு மிஷின் பரணுக்குப் போயிற்று. 1994இல் திருப்பதிக்கு வீடு மாற்றும்போது இறக்கிப் பார்த்தேன். சக்கரம் இம்மியும் அசையவில்லை. துருப்பிடித்துச் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிட்டேன். ஒரு கிழமைக்குக் காய்கறி வாங்கும் அளவு காசு வந்தது.

சில வருஷங்கள் கழித்து, காந்தி ரோடு பக்கம் கடை வைத்திருந்த வயதான தையற்கார பாய் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அது எங்கே சார் செத்தது? அம்மா தேங்காய் எண்ணெய் விட்டிருப்பாங்க. அது காய்ஞ்சு கோந்து மாதிரி பிடிச்சிருக்கும். அவ்வளவுதான்" என்றார்.

உண்மைதான். மிஷின் எண்ணெய் வாங்கக் காசில்லாதபோது அம்மா தலைக்கு வைக்கும் எண்ணெயில் நாலு சொட்டு விடுவதை நானே பார்த்திருக்கிறேன். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

பழைய மிஷின்களைத் தேடி வாங்கிச் சரிசெய்யும் பைத்தியம் அப்போது பிடித்ததுதான். இப்போது வீட்டில் ஏழு இருக்கின்றன. எட்டாவது வந்தால் தான் குடியாத்தம் போய்விடுவதாக மனைவி சொல்லியிருக்கிறாள்.

வேலை ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஷட்டிலைக் கழற்றி, உள்ளே சிக்கிய நூல் துணுக்குகளைக் குண்டூசியால் எடுக்க வேண்டும். அசையும் மூட்டு ஒவ்வொன்றிலும் மண்ணெண்ணெய் சொட்டு விட்டு ஒரு இரவு விட்டுவிட வேண்டும். காலையில் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல அசைத்துப் பார்க்கலாம். அசையாவிட்டால் மறுபடி சொட்டு, மறுபடி ஒரு இரவு. ஒரு மிஷினுக்கு எனக்குப் பதினோரு நாள் பிடித்தது. பலத்தைக் காட்டினால் உடையும். இளகியதும் அழுக்கை நன்றாகத் துடைத்துவிட்டு, மிஷின் எண்ணெய் விட வேண்டும். தங்கப் பூ வேலையின் மேல் ஸ்பிரிட்டோ உப்புத்தாளோ படவே கூடாது. முதல் மிஷினில் நான் பளபளப்பாக்குகிறேன் பேர்வழி என்று தேய்த்து, பூவெல்லாம் போய் மொட்டையாக நிற்கிறது. பஞ்சில் மிஷின் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும்.

உதிரிப் பாகம் கிடைக்குமா என்று கேட்பீர்கள். வட்டப் பாபின் போடும் சிங்கர் 15 என்றால் கவலையில்லை. நம் ஊர் கறுப்பு மிஷின்கள் பெரும்பாலும் அதே அமைப்பில் வந்தவை. பாபின் பெட்டி எந்தக் கடையிலும் கிடைக்கும். தோட்டா வடிவ ஷட்டில் உள்ள 27, 28 மாடல்களுக்குத்தான் அலைய வேண்டும்.

மிஷின் மேடையில் வெட்டியிருக்கும் எண்ணைப் பாருங்கள். ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851இல். ஆனால் நம் பக்கம் காணும் பழைய சிங்கர்கள் பல, ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் என்ற ஊரின் தொழிற்சாலையில் பிறந்தவை. அது 1885இல் திறந்து 1980இல் மூடப்பட்டது. எண்ணுக்கு முன் ஒய் என்ற ஆங்கில எழுத்து இருந்தால் 1920கள், 30களில் அங்கே செய்தது. அவ்வளவு தூரத்திலிருந்து வந்ததை நம் வீடுகளுக்குள் கொண்டுவந்தது தவணை முறை. இந்தியாவில் சிங்கர் வியாபாரத்தை வளர்த்தவர் நஸர்வான்ஜி மேர்வான்ஜி பட்டேல் என்ற பார்சிக்காரர். 1930களில் கல்கத்தாவிலிருந்து உஷாவும் வந்தது. இயந்திரங்களைக் கண்டித்த காந்தியடிகளே 1924இல் சிங்கர் மிஷினுக்கு விலக்குக் கொடுத்தார்!

இன்னொன்று. 2009இல் சவூதியில், பழைய சிங்கருக்குள் 'சிவப்புப் பாதரசம்' இருப்பதாகப் புரளி கிளம்பி விலை எகிறியது. அப்படி எதுவும் கிடையாது. அதைச் சொல்லி யாராவது உங்கள் வாசலுக்கு வந்தால் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சித்தூரிலோ திருப்பதியிலோ உங்கள் பரணில் கைமிஷின் ஏதாவது கிடந்தால், எடைக்குப் போடுமுன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். சும்மாவே ஓட வைத்துத் தருகிறேன். பழைய இரும்புக் கடையில் வாங்கிய மிஷின் என்றால் கட்டாயம் சொல்லுங்கள். ரவிக்கைக் கைக்கு மடிப்பு அளவு பார்க்க, அம்மா மேடையில் ஊசிக்கு வலப்பக்கம் ஆணியால் இரண்டு கோடு கீறி வைத்திருந்தாள்.