கம்பி வலைமேல் வளரும் தோல்

ஸ்டென்ட் வைத்து மூன்று மாதமாகிறது, நெஞ்சுவலி போயே போய்விட்டது, இனி மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று காரைக்குடி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அவராக நிறுத்தக்கூடாது. காரணம், ஸ்டென்ட் என்ற அந்தக் கம்பி வலையின் மேல்பூச்சில் இருக்கிறது.

இதய ரத்தக்குழாயின் அடைப்பை விரித்துப் பிடிக்க வெறும் உலோக வலையே போதும். 1986-லிருந்து அது நடக்கிறது. தொல்லை பிறகுதான். காயம்பட்ட சுவரின் தசைச்செல்கள் மளமளவென்று வளர்ந்து வழியை மறுபடி அடைத்தன. அவற்றை அடக்க மருந்து பூசிய ஸ்டென்ட் வந்தது. 2003-ல் அமெரிக்கா அனுமதித்த முதல் ரகத்தில் இருந்த சிரோலிமஸ், ஈஸ்டர் தீவு மண்ணில் வாழும் நுண்ணுயிரி தந்த மருந்து. தசை அடங்கியது; கூடவே, குழாயின் உட்புறத்தைப் போர்த்தும் எண்டோதீலியம் என்ற ஒற்றைச்செல் படலமும் சுணங்கியது. படலம் மூடாத கம்பியில் ரத்தம் உறையும்.

சரி, கம்பியை வழவழப்பாக்கினால்? அதுவும் செய்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டுச் சுவரில் சுண்ணாம்பை அடுக்கடுக்காகப் பூசி, முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். ஸ்டென்ட்டிலோ பூசுவதற்கு முன்பே பளபளப்பு வந்துவிடும். லேசரால் வெட்டிய வலையை அமிலக் கரைசலில் நேர்மின்முனையாக்கி மின்சாரம் செலுத்தினால் பிசிறுகள் கரைந்துபோகும். மின்முலாம் பூசுவதற்கு நேர் தலைகீழ். அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கரில், 1948-ல் நேரு அடிக்கல் நாட்டிய காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு நிலையத்தாருக்கு இது அரிச்சுவடி.

வழவழப்பு மட்டும் போதவில்லை. அப்போதுதான் ஒரு வேடிக்கையான யோசனை பிறந்தது: படலம் வளரும்வரை காத்திருப்பானேன், செல்லையே பிடித்து ஒட்டவைத்தால் என்ன? எலும்பு மஜ்ஜையிலிருந்து கிளம்பி ரத்தத்தில் மிதந்துவரும் முன்னோடிச் செல்கள் சில, சிடி34 என்ற புரதத்தை மேலே சுமக்கின்றன. அந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை வலைமீது பூசினார்கள். ஓடும் ஆற்றில் தூண்டில் போட்டதுபோல, செல்கள் வந்து மாட்டின. ஆனால் தசை வளர்ச்சியைத் தடுப்பதில் மருந்து ஸ்டென்ட்டுக்கு அது ஈடாகவில்லை. அடுத்து வந்த 'காம்போ' இரண்டையும் சேர்த்தது: குழாய்ச் சுவரைத் தொடும் பக்கம் மட்டும் சிரோலிமஸ், மேற்பரப்பு முழுக்கத் தூண்டில்.

2017 பிப்ரவரியில் மருந்து ஸ்டென்ட்டுக்கு 29,600 ரூபாய் என அரசு உச்சவரம்பு வைத்தது. நல்ல காரியம். விலையைப் பேசிய அளவுக்கு மாத்திரையை யார் பேசினார்கள்? பல் பிடுங்கவென்று, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரினையும் குளோபிடோகிரலையும் தாமாகவே நிறுத்துகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். படலம் மூடும்வரை கம்பிக்குக் காவல் அந்த இரண்டும்தான். எத்தனை மாதம் என்பது ஸ்டென்ட் ரகத்தையும், அவரவர் இதயத்தையும், ரத்தக்கசிவு அபாயத்தையும் பொறுத்தது. வாசகர் தம் டிஸ்சார்ஜ் சீட்டில் ஸ்டென்ட்டின் பெயரைப் பார்த்து, நிறுத்தும் தேதியை இதய மருத்துவரிடமே கேட்டு அதன் பக்கத்தில் எழுதிவைத்துக்கொள்ளட்டும்.