போர்க்கால போனஸ்: குமாஸ்தாக்களுக்குக் கிடைத்தது என்ன?

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கப் போர்த் துறை அலுவலகங்களில், சீருடை அணியாத குமாஸ்தாக்களும் தட்டச்சர்களும் பெருந்திரளாக வேலை பார்த்தார்கள். அவர்களில் இளம்பெண்கள் ஏராளம். அவர்களுடைய சம்பளம் பற்றிய சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

சம்பளம் 21 சதவீதத்துக்கு மேல் கூடியதே, அது போனஸ்தானே?

இல்லை. ஆறாவது நாளும் வேலைக்கு வந்ததற்கான கூலி அது. போர்க்காலத்தில் வார வேலை 48 மணி நேரமானது. 40 மணிக்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்றது 1943 மே மாதச் சட்டம்.

எட்டு மணி நேரம் கூடினால் வேலை 20 சதவீதம் கூடுகிறது. ஒன்றரை மடங்கு என்றால் 30 சதவீதம் வர வேண்டாமா?

நியாயமான கேள்வி. சூட்சுமம் வகுக்கும் எண்ணில் இருந்தது. இரண்டாம் நிலைத் தட்டச்சரின் ஆண்டுச் சம்பளம் 1,440 டாலர். வாரம் ஐந்து நாள் கணக்கில் ஆண்டுக்கு 260 வேலை நாட்கள். சட்டமோ 360-ஆல் வகுத்தது. ஒரு நாளைக்கு 4 டாலர், ஒன்றரை மடங்காக 6 டாலர், 52 வாரங்களுக்கு 312 டாலர். மொத்தம் 1,752. 260-ஆல் வகுத்திருந்தால் கூடுதல் தொகை 432 டாலராக இருந்திருக்கும். ஒன்றரை மடங்கு என்பது ஏட்டில் மட்டுமே இருந்தது.

1,752 டாலரும் கைக்கு வந்ததா?

இல்லை. ஓய்வூதிய நிதிக்கு அடிப்படைச் சம்பளத்தில் 5 சதவீதம் பிடித்தார்கள். 1943 முதல் வருமான வரியும் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. போர்க் கடன் பத்திரத்துக்குச் சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு தாருங்கள் என்ற பிரசாரம் வேறு.

உண்மையான போனஸ் எப்போதாவது கிடைத்ததா?

முதல் உலகப் போரையொட்டிக் கிடைத்தது. விலைவாசி ஏற்றத்தை ஈடுகட்ட 1918 ஜூலை முதல் ஆண்டுக்கு 120 டாலரும், அடுத்த ஆண்டிலிருந்து 240 டாலரும் தந்தார்கள். நம் ஊர்ப் பஞ்சப்படி போன்றது அது. அடிப்படைச் சம்பளத்தில் சேராததால், ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தின் தயவை எதிர்பார்க்க வேண்டியிருந்தது.

போர் முடிந்ததும் சம்பளம் குறைந்ததா?

1945 ஜூலையில் அமலான புதிய சட்டம் அடிப்படைச் சம்பளத்தையே உயர்த்தியது. முதல் 1,200 டாலருக்கு 20 சதவீதம், அதற்கு மேற்பட்ட 240 டாலருக்கு 10 சதவீதம் எனத் தட்டச்சரின் சம்பளம் 1,704 ஆனது. ஜப்பான் சரணடைந்தபின் வார வேலை 40 மணிக்குத் திரும்பியபோது, ஆறாவது நாள் போயும், பழைய 1,752 டாலரைவிட அவருக்குக் குறைந்தது வெறும் 48 டாலர்தான். கூடுதல் நேரத்தையும் ஆண்டுக்கு 2,080 மணி என்ற உண்மையான கணக்கில் வகுக்கச் சொன்னது அந்தச் சட்டம். ஒன்றரை மடங்கு அன்றுதான் ஒன்றரை மடங்காயிற்று.

சம்பள உயர்வு என்று யார் அறிவித்தாலும், எந்த எண்ணால் வகுக்கிறார்கள் என்பதை முதலில் பாருங்கள்.