பழைய டிராக்டர்: வாங்குதலும் செப்பனிடுதலும்

எருது பூட்டி உழுத நிலங்களில் இன்று டிராக்டரின் ஒலியே மிகுதியாகக் கேட்கிறது. புதிய வண்டியின் விலை பல இலட்சம் ரூபாயாக இருப்பதால் சிறு உழவர் பழைய வண்டியை நாடுவது இயல்பே. எனினும் மலிவாகக் கிடைப்பதெல்லாம் மலிவாக முடிவதில்லை. வாங்கும் விலையோடு செப்பனிடும் செலவையும் கூட்டிப் பார்த்தலே அறிவுடைமையாகும்.

பழைய வண்டி செப்பனிடத் தக்கதுதானா என்னும் ஐயம் எழலாம். இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை ஐந்து இலட்சத்துக்கும் மேலாக உருவான பெர்குசன் டி.இ.20 வண்டிகள் இதற்கு விடை கூறும். எட்மண்ட் ஹிலாரியின் குழுவினர் 1958-இல் தென் துருவத்தை அடைந்தது இவ்வகை வண்டிகளில்தான். அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. எளிய அமைப்பும், கழற்றி மாற்றத்தக்க உறுப்புகளுமே அதற்குக் காரணம். ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று இடங்களில் வண்டியோடு பிணைத்த முறையே நம் ஊர் டிராக்டர்களிலும் அமைந்துள்ளது.

வாங்கச் செல்வோர் புதிய பெயின்டைக் கண்டு மயங்கலாகாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே அதனை இயக்கிக் காட்டச் சொல்ல வேண்டும். சூடேறிய எஞ்சின் தன் குறையை மறைத்துவிடும். சைலன்சரில் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது என்பது பொருள். பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்து, எஞ்சின் வேலை காத்திருக்கும். கரும்புகை ஏர் ஃபில்டர் அடைப்பையோ டீசல் பம்பு, நாசில் கோளாறையோ உணர்த்தும். எஞ்சின் ஆயில் பால்போல் வெளுத்திருப்பின் அதில் தண்ணீர் கலந்துள்ளது. கலப்பையைத் தூக்கி நிறுத்தி எஞ்சினை அணைத்ததும் அது விரைந்து இறங்கினால் ஹைட்ராலிக்கில் கசிவு உண்டு.

ஆவணங்களும் இன்றியமையாதவை. ஆர்.சி. புத்தகத்தின் எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்திருக்க வேண்டும். கடன் பதிவு இருப்பின் அது நீக்கப்பட வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கப்பட்டதா எனவும் நோக்குக. படிவம் 29, 30 வழியே பெயர் மாற்றம் செய்வது இரு சாராருக்கும் காப்பாகும். விபத்து நேரின் பதிவேட்டில் உள்ளவரே பொறுப்பாளி என உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவுபடுத்தியது.

செப்பனிடுவதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் பிரேக்கும் ஸ்டியரிங்கும், அடுத்து ஆயில், ஃபில்டர், ரேடியேட்டர், பின்னர் எஞ்சின், பெயின்ட் இறுதியிலேயே. டிராக்டருக்கு இரண்டு பிரேக் மிதிகள் உண்டு. வயலில் ஒரு சக்கரத்தை மட்டும் நிறுத்தித் திரும்புவதற்காக அவை தனித்தனியே அமைந்தன. சாலையில் இரண்டையும் கொக்கியால் இணைத்தே ஓட்ட வேண்டும். இன்றேல் ஒரு பக்கம் மட்டும் பிடித்து வண்டி கவிழக்கூடும். அச்சிறு கொக்கி இல்லாத வண்டியை எவ்வளவு மலிவாகப் பெற்றாலும், அதனைப் பொருத்தாமல் சாலையில் இறக்கலாகாது. இழந்த பணத்தை ஒரு விளைச்சலில் மீட்கலாம். உயிரை மீட்க எந்த விளைச்சலும் உதவாது.