முழங்காலும் கருத்தடை மாத்திரையும்

2023 பெண்கள் உலகக் கோப்பைக் கால்பந்துக்கு முந்தைய பருவத்தில் இங்கிலாந்தின் ஆர்சனல் பெண்கள் அணி நான்கு வீராங்கனைகளை இழந்தது. பெத் மீட், மீடெமா, லியா வில்லியம்சன், வீன்ரோய்தர். நால்வருக்கும் ஒரே காயம்: ஏ.சி.எல். கிழிசல்.

தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் முழங்காலுக்குள் குறுக்காகப் பிணைக்கும் நார்தான் ஏ.சி.எல். ஓடும்போது சட்டென்று திரும்பினாலோ, குதித்து இறங்கும்போது முட்டி உள்நோக்கி மடிந்தாலோ அது அறுந்துவிடலாம். ஒரே விளையாட்டில் ஆண்களைவிடப் பெண்களுக்கு இது பல மடங்கு அதிகம் நேர்கிறது. இடுப்பின் அமைப்பும் தசை வலுவும் பயிற்சி வசதியும் இதற்குக் காரணமாகின்றன. ஹார்மோனுக்கும் பங்கு இருக்கலாம். அந்த நாரில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனை ஏற்கும் செல்கள் உள்ளன என்று 1990களிலேயே கண்டறிந்தார்கள். மாதவிடாய்ச் சுழற்சியின் நடுவில் ஈஸ்ட்ரோஜன் ஏறும்போது நார் சற்றுத் தளர்வதாகப் பல ஆய்வுகள் காட்டுகின்றன.

கருத்தடை மாத்திரை இந்த ஏற்ற இறக்கத்தைச் சமன்படுத்துகிறது. டென்மார்க் பெண்களைப் பற்றி 2014இல் வெளியான பெரிய ஆய்வில், மாத்திரை எடுத்த பெண்களிடம் ஏ.சி.எல். அறுவை சிகிச்சை சுமார் 20 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் மாத்திரைதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. மாத்திரை எடுப்பவர்களின் விளையாட்டுப் பழக்கமே வேறாக இருந்திருக்கலாம்.

எனவே முட்டியைக் காக்க மட்டும் மாத்திரை தொடங்குவது தவறு. சிலருக்கு அது இரத்தக்கட்டி அபாயத்தைக் கூட்டும். குதித்து இறங்கும் முறையையும் தொடைப் பின்தசையையும் பழக்கும் பயிற்சிகள் இக்காயத்தைப் பாதியளவு குறைத்துள்ளன. மகளை மைதானத்துக்கு அனுப்பும் பெற்றோரே, பயிற்சியாளரிடம் முதலில் இந்தப் பயிற்சிகளைப் பற்றிக் கேளுங்கள்.