சிற்றூர்களின் ஆகாய மார்க்கம்

பாரத தேசத்தில் ஆகாய மார்க்கம் வெகுகாலம் வரையில் ராஜாங்கத்தின் தனிச்சொத்தாகவே இருந்து வந்தது. 1953-ஆம் ஆண்டின் சட்டம், அதுவரை பல கம்பெனிகள் தனித்தனியே நடத்திவந்த உள்நாட்டு விமானப் போக்குவரத்தை இந்தியன் ஏர்லைன்ஸ் என்ற ஒரே ஸ்தாபனத்தின் கீழ்க் கொணர்ந்தது. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் தனியாருக்குக் கதவு திறந்தபோது ஆவலோடு புகுந்த ஈஸ்ட் வெஸ்ட், தமானியா, மோடிலுஃப்ட், சென்னையின் என்.இ.பி.சி. ஆகிய கம்பெனிகள் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள்ளாகவே ஒவ்வொன்றாக மறைந்தன. டிக்கெட் விலையோ பெரிய உத்தியோகஸ்தரையும் பெருவியாபாரியையும் தவிர மற்றவர்க்கு எட்டாததாகவே இருந்தது. இந்த நிலையில், ஒரு ஜில்லாத் தலைநகரத்திலிருந்து மற்றொன்றுக்கு விமானம் விட்டு அதில் சாமானியனை ஏற்றிச் செல்லலாம் என்று ஒருவர் சொன்னால், அவரைக் கனவுலகவாசி என்று உலகம் கருதியதில் வியப்பில்லை.

அப்படிச் சொன்னவர் கேப்டன் ஜி. ஆர். கோபிநாத். கர்நாடகத்தின் ஹாசன் ஜில்லாவைச் சேர்ந்த கொரூர் கிராமத்தில் ஒரு பள்ளி ஆசிரியரின் புதல்வராக வளர்ந்து, ராணுவத்தில் சேர்ந்து, 1971-ஆம் ஆண்டு யுத்தத்தையும் கண்டு, இளவயதிலேயே அந்த உத்தியோகத்தைத் துறந்து வந்த அவர், ஹேமாவதி அணையில் பூர்வீக நிலம் மூழ்கிப்போனதற்கு ஈடாகக் கிடைத்த வறண்ட பூமியில் கூடாரமிட்டுக் குடியேறி, பட்டுப்புழு வளர்ப்பும் விவசாயமும் செய்து பல ஆண்டுகள் கழித்தார். அந்த உழைப்புக்காக 1996-ல் அவருக்கு ரோலெக்ஸ் பரிசு கிடைத்தது. மறு ஆண்டு, ராணுவ நண்பர் ஒருவரோடு சேர்ந்து வாடகைக்கு ஹெலிகாப்டர் விடும் கம்பெனி ஒன்றை ஆரம்பித்தார். பிறகு அமெரிக்காவுக்குச் சென்றிருந்த சமயத்தில், ஃபீனிக்ஸ் என்ற நகரத்தின் ஒரே விமான நிலையத்தில், இந்தியாவின் விமான நிலையங்கள் யாவும் சேர்ந்து கையாண்டதைவிட அதிகமான விமானங்கள் வந்துபோவதைக் கண்டு திகைத்ததாக அவரே எழுதியிருக்கிறார். அந்தத் திகைப்பிலிருந்து 2003-ல் பிறந்ததுதான் ஏர் டெக்கான்.

பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்டு ஹூப்ளி, மங்களூர் போன்ற ஊர்களுக்கு அது பறக்கத் தொடங்கியது. அதற்காகத் தேர்ந்தெடுத்த விமானம், சுழல்விசிறி பூட்டிய, நாற்பத்தெட்டுப் பேர் அமரக்கூடிய ஏ.டி.ஆர். 42. இந்தத் தேர்விலே அடங்கியிருந்த சூட்சுமத்தை நம்மில் பலர் கவனிப்பதில்லை. குறுகிய ஓடுபாதையிலும் இறங்கி ஏறும் இந்த விமானம், சிறு தூரப் பிரயாணத்தில் ஜெட் விமானத்தைவிட மிகக் குறைவான எரிபொருளே அருந்துகிறது. அந்த எரிபொருளுக்கும், பெரிய விமானங்கள் பல மாநிலங்களில் 25 விழுக்காடு வரையிலும் அதற்கு மேலும் விற்பனை வரி செலுத்திக்கொண்டிருந்தபோது, சிறு விமானங்களுக்கு 4 விழுக்காடு மட்டுமே விதிக்கப்பட்டது. எண்பது இருக்கைக்குக் குறைந்த விமானங்களுக்கு இறங்கு கட்டணமும் பின்னர் விலக்கப்பட்டது. இலவச உணவு கிடையாது; இருக்கை எண் கிடையாது; டிக்கெட்டை இன்டர்நெட்டிலும் தொலைபேசியிலும், பிறகு பெட்ரோல் நிலையங்களிலுங்கூட வாங்கிக்கொள்ளலாம். வியாபாரச் சின்னமாக ஆர். கே. லக்ஷ்மணின் 'சாமானியன்' சித்திரத்தையே வைத்துக்கொண்டதும், சில இருக்கைகளை ஒரு ரூபாய்க்கு விற்றதும் ஊரெங்கும் பேச்சாயின.

ஆரம்பமே அக்கினிப் பரீட்சையாகத்தான் இருந்தது. ஹைதராபாத்திலிருந்து விஜயவாடா செல்லும் மார்க்கத்தின் துவக்க நாளன்று, பிரமுகர்கள் அமர்ந்திருந்த விமானத்தின் என்ஜினில் ஓடுபாதையிலேயே தீப்பற்றியது. யாருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அத்துடன் அந்த முயற்சி முடிந்தது என்றே பலர் எண்ணினர். முடியவில்லை. நான்கே ஆண்டுகளில் நாற்பதுக்கு மேற்பட்ட விமானங்களும் அறுபதுக்கு மேற்பட்ட ஊர்களுமாக அது விரிந்தது. அறுபது ஊர்கள் என்று எழுதும்போது அந்த ஊர்களின் ஜனங்களையே நினைக்கிறேன்: நோயாளியை நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்லும் குடும்பமும், வாழ்வில் முதன்முறையாக மேகத்துக்கு மேலே சூரியனைப் பார்த்த கிழவியும் அந்த இருக்கைகளில் அமர்ந்தார்கள். அந்தக் கதையைத் தழுவி 2020-ல் சுதா கொங்கரா எடுத்த 'சூரரைப் போற்று', நாயகனைச் சோழவந்தான்காரனாக்கியதனால் தமிழ் மக்களுக்கும் அது சொந்தக் கதையாயிற்று.

ஆனால் திரைப்படம் நிற்கிற இடத்துக்குப் பின்னர் நடந்தவை கசப்பானவை. 2004 முதல் ஏர்பஸ் ஜெட் விமானங்களை வாங்கிப் பெருநகரங்களுக்கிடையேயும் பறக்க முற்பட்ட ஏர் டெக்கான், அங்கே மேலும் பல புதிய கம்பெனிகளோடு விலைப் போரில் இறங்க நேர்ந்தது. சிற்றூர்களில் தனக்குப் போட்டியே இல்லாதிருந்த அனுகூலம் பெருநகரங்களில் இல்லை. எரிபொருள் விலையும் ஏறியது. நஷ்டம் பெருகி, 2007-ல் 26 விழுக்காடு பங்கு சுமார் 550 கோடி ரூபாய்க்கு கிங்ஃபிஷர் விமானக் கம்பெனியின் வசம் சென்றது. மறு ஆண்டே டெக்கான் என்ற பெயரும் மறைந்து, 2012-ல் கிங்ஃபிஷரும் நின்றுபோயிற்று. வளர்ச்சியின் வேகமே இந்த ஸ்தாபனத்தை அழித்தது என்பது என் துணிபு. எந்த ஊருக்காக அது பிறந்ததோ அந்த ஊரிலேயே நிலைத்து, மெதுவாக வேர்விட அதற்குப் பொறுமையோ மூலதனமோ இல்லாமற்போயிற்று.

பின்னர் மத்திய சர்க்கார் சிற்றூர்களுக்கு விமானம் விடும் பாரத்தைத் தானும் சுமக்க முன்வந்து, 'உடான்' திட்டத்தின் கீழ் ஒரு மணி நேரப் பிரயாணத்தின் பாதி இருக்கைகளுக்கு 2,500 ரூபாய் உச்சவரம்பு வைத்து, இழப்பை மூன்றாண்டுகள் மானியத்தால் ஈடுசெய்தது. முதல் விமானம் 2017 ஏப்ரலில் சிம்லாவிலிருந்து டில்லிக்குப் பறந்தது. அவ்வாண்டு டிசம்பரில் கோபிநாத்தும் ஏர் டெக்கானுக்குப் புத்துயிர் அளித்து, ஒரு சிறு பீச்கிராஃப்ட் விமானத்தை மும்பையிலிருந்து ஜல்காவுக்கு விட்டார். கொரோனாக் காலத்தில் 2020-ல் அதுவும் நின்றது. தணிக்கைத் துறை 2023-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏலத்தில் அளிக்கப்பட்ட 774 மார்க்கங்களில் பறக்கத் தொடங்கியவை 371. மூன்றாண்டுகளை முழுமையாகக் கடந்தவை 112. மானியம் நின்ற பின்னும் நீடித்தவை 54 மட்டுமே. ஓர் ஊர் ஜனங்கள் விமானத்தை நம்பித் தங்கள் வியாபாரத்தையும் வைத்தியத்தையும் திட்டமிடப் பழகுவதற்குள் அந்த விமானமே நின்றுவிட்டால், அவர்கள் மீண்டும் இரவு ரயிலுக்கே திரும்புவார்கள். அடுத்து வருகிற கம்பெனியையும் நம்பமாட்டார்கள்.

இருப்பினும் முயல்கிறவர்கள் ஓயவில்லை. 2019-ல் பெங்களூர்–ஹூப்ளி மார்க்கத்தில் ஆரம்பித்த ஸ்டார் ஏர், எம்ப்ரேயர் விமானங்களைக் கொண்டு இரண்டாம் நிலை ஊர்களையே சுற்றி வருகிறது. 2024 மார்ச்சில் கோவாவிலிருந்து தொடங்கிய ஃப்ளை91, ஏ.டி.ஆர். 72 விமானங்களைக் கொண்டு சிந்துதுர்க்குக்கும், லக்ஷத்வீபத்தின் அகத்திக்கும், கோபிநாத்தின் இரண்டாம் முயற்சி சென்ற அதே ஜல்காவுக்கும் பறக்கிறது. இந்த விமானங்கள் நான்காம் ஆண்டிலும் ஐந்தாம் ஆண்டிலும் அந்த ஊர்களுக்கு வந்துகொண்டிருக்க வேண்டும் என்பதே என் பிரார்த்தனை.