நாய்க்குட்டியின் வாயும் நமது பொறுப்பும்

தேனி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் அமைந்துள்ள கோம்பை, தமிழகத்தின் நாட்டு நாய் இனம் ஒன்றுக்குத் தன் பெயரையே தந்த ஊர். வேட்டைக்கும் காவலுக்கும் பெயர் பெற்ற இனம் அது. 2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாத 'மனதின் குரல்' வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்குமாறு பிரதமர் கேட்டுக்கொண்டபோது, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை ஆகியவற்றுடன் கோம்பையின் பெயரும் ஒலித்தது.

ஒரு காலத்தில் தோட்டத்துக் காவலுக்கு நின்ற இந்த நாயின் குட்டி, இன்று கம்பத்திலும் தேனியிலும் சுற்றுச்சுவருக்குள் அடங்கிய வீடுகளில் வளர்கிறது. தோட்டத்தில் அதற்குக் கடிக்கக் குச்சியும் ஓடக் காடும் இருந்தன. வீட்டுக்குள் இருப்பவையோ தலைமுடி ரப்பர் பட்டை, காலுறை, மாத்திரை அட்டை, தொலைக்காட்சி ரிமோட், பூக்கட்டும் நார். குட்டி மாறவில்லை, அதன் வாய்க்கு எட்டும் பொருள்கள்தாம் மாறிவிட்டன.

இதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நான்கு மாதக் கோம்பைக் குட்டி, ஒரு மாம்பழப் பருவத்தில் குப்பைக் கூடையிலிருந்து சிறிய மாங்கொட்டை ஒன்றைக் கவ்விக்கொண்டது. 'விடு, விடு' என்று கத்தியபடி வீட்டிலிருந்த நால்வரும் துரத்தினோம். கட்டிலுக்கு அடியில் ஒதுங்கிய குட்டி, என் கை நீண்டதும் கொட்டையை விழுங்கிவிட்டது. மறுநாள் தொடங்கிய வாந்தி நிற்கவில்லை. மூன்றாம் நாள் அதன் சிறுகுடலைத் திறந்துதான் கொட்டையை எடுக்க வேண்டியிருந்தது. குட்டி பிழைத்தது. ஆனால், அறுவை சிகிச்சை செய்த மருத்துவர், நீங்கள் துரத்தாமல் இருந்திருந்தால் அது விழுங்கியே இருக்காது என்று கூறியது இன்னும் என் மனதை விட்டு அகலவில்லை.

கைக்குழந்தை கையால் தொட்டு அறிவதைக் குட்டி நாய் வாயால் கவ்வி அறிகிறது. அதன் 28 பால்பற்களும் ஏறத்தாழ மூன்று மாத வயதில் விழத் தொடங்கி, ஆறேழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் முளைத்துவிடும். அந்த மாதங்களில் ஈறு குறுகுறுக்கும். எதையாவது கடித்தால்தான் அதற்கு ஆறுதல். கடிப்பதை அடித்துத் திருத்த முனைவது, பல் முளைப்பதைத் தடுக்க முனைவது போன்றதே. நாம் தடுக்க வேண்டியது கடிப்பதை அல்ல, விழுங்குவதை. இந்த இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தைத்தான் நமது பதற்றம் குறைத்துவிடுகிறது.

பொருளியல் கற்பித்தவனுக்கு இது புதிய பாடம் அல்ல. பறிமுதல் வரும் என்று தெரிந்தால் உள்ளவன் தன் பொருளைப் பதுக்குவான். நாய்க்குட்டியிடம் உள்ள ஒரே பதுக்கிடம் அதன் வயிறு. வாயில் உள்ளதை ஒவ்வொரு முறையும் நாம் பிடுங்கினால், 'மனிதன் நெருங்கினால் இழப்பு' என்று குட்டி கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை நம் காலடி ஓசை கேட்டதும் விழுங்கிவிடுகிறது. குப்பையில் கிடந்த பொருளுக்கு அவ்வளவு மதிப்பை ஏற்படுத்தியது நமது துரத்தல்தான்.

இதற்கு மாற்று, மிகப் பழைமையான பண்டமாற்று. முதலில், ஆபத்தில்லாத ஒரு பொருளைக் குட்டி கவ்வியிருக்கும்போது, வேகவைத்த கோழி இறைச்சித் துணுக்கையோ முட்டைத் துண்டையோ அதன் மூக்கருகே காட்ட வேண்டும். வாய் திறந்து பொருள் விழும் அதே நொடியில் 'விடு' என்ற சொல்லை அமைதியாகச் சொல்லித் துணுக்கைக் கொடுக்க வேண்டும். பிறகு, இயன்றவரை அந்தப் பொருளையே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இந்தக் கடைசிப் படிதான் முக்கியம். கொடுத்தால் இரண்டும் கிடைக்கும் என்று உணர்ந்த குட்டி, கவ்வியதை நம்மிடமே கொண்டுவந்து நீட்டும். ஒரு நாளில் நாலைந்து முறை, ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் பழக்கினால் போதும். வீட்டில் ஒருவர் 'விடு' என்றும் மற்றவர் 'போடு' என்றும் சொல்லாமல், எல்லோரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துவது அவசியம்.

பழக்கம் படியும் வரை வீட்டைச் சீர்செய்ய வேண்டும். பெரியவர் ஒருவர் தரையில் அமர்ந்து குட்டியின் கண் உயரத்தில் அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தால், நின்றபடி தெரியாதவை பலவும் தெரியும். கட்டிலுக்கு அடியில் உருண்ட மாத்திரை, சோபா இடுக்கில் கிடக்கும் ஊசி, ரிமோட்டிலிருந்து கழன்ற பொத்தான் வடிவ மின்கலம் ஆகியவை அப்போதுதான் கண்ணில் படும். அந்த மின்கலம் உணவுக்குழாயில் சிக்கினால் சில மணி நேரத்தில் அதைப் புண்ணாக்கித் துளைத்துவிடும். நமக்குக் காய்ச்சல் தணிக்கும் பாராசிட்டமாலும் வலி போக்கும் ஐபுப்ரோபெனும் நாய்க்கு நஞ்சாகக்கூடியவை. நூல், பூ நார் போன்ற நீண்ட இழைகள் குடலை மடிப்பு மடிப்பாகச் சுருக்கி அறுத்துவிடும். பெரியகுளம் மாம்பழத்தின் கொட்டையும் தின்று எறிந்த மக்காச்சோளக் கட்டையும் செரிக்காமல் குடலை அடைப்பவை. மூடியுள்ள குப்பைத் தொட்டி ஒன்றே இவற்றில் பாதியைத் தடுத்துவிடும்.

கம்பம் பள்ளத்தாக்குக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் இந்த மண்ணில் ஆண்டு முழுவதும் விளையும் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பகுதிகளில் திராட்சை இல்லாத வீட்டைக் காண்பது அரிது. அந்தத் திராட்சையும், பாயசத்தில் இடும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியவை. எல்லா நாய்க்கும் இப்படி நேர்வதில்லை. ஆனால், எந்த நாய்க்கு, எத்தனை பழத்தில் நேரும் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது என்பதால், பாதுகாப்பான அளவு என்று எதுவும் இல்லை. முதலில் வாந்தியும் சோர்வும் தோன்றும். ஓரிரு நாளில் சிறுநீர் குறையும். அப்போது காலம் கடந்திருக்கும். அன்போடு கையில் வைத்து ஊட்டுகிறோமே, அந்தப் பழமே அதற்கு எமனாகிறது.

இதன் காரணம் நெடுங்காலம் புலப்படாமல் இருந்தது. திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கலாம் என்று 2021-இல் அமெரிக்கக் கால்நடை நச்சியல் வல்லுநர்கள் சுட்டிக்காட்டினர். அவர்களுக்குத் துப்புக் கொடுத்தவற்றுள் ஒன்று நமது அடுக்களையில் உள்ள பொருள். ஆம், புளி தின்ற நாய்களுக்கும் திராட்சை தின்ற நாய்களைப் போலவே சிறுநீரகம் பழுதுபட்டிருந்தது. டார்டாரிக் அமிலம் மிகுந்த இயற்கைப் பொருள்களில் புளி முன்வரிசையில் இருப்பது. ஆகவே, புளிப் பானையும் நாய்க்கு எட்டாத உயரத்துக்குச் செல்ல வேண்டும். வெங்காயம் நாயின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் என்பதையும் சேர்த்து எண்ணினால், மீந்த சாம்பார் சோற்றை நாய்க்கு வைக்கும் வழக்கத்தைக் கைவிடுவதே நல்லது.

தோட்டத்து வீடுகளில் மற்றொரு எமன் எலி மருந்து. பரவலாக விற்கப்படும் எலி மருந்துக் கட்டிகளில் பல, ரத்தம் உறைவதைத் தடுப்பவை. தின்ற அன்று நாய் துள்ளி விளையாடும். மூன்று, நான்கு நாள்களுக்குப் பிறகே ரத்தக்கசிவு தொடங்கும். உடனே தெரிந்தால் வைட்டமின் கே சிகிச்சையால் காப்பாற்றலாம். அதனால்தான் அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது.

எச்சரிக்கையை மீறியும் குட்டி எதையாவது விழுங்கிவிட்டால் என்ன செய்வது? நம் ஊர்களில் உடனே உப்புக் கரைசலையோ புளிக் கரைசலையோ வாயில் ஊற்றுவார்கள். உப்பு மிகுந்தால் அதுவே மூளையைப் பாதிக்கும். புளியின் கதையை மேலே கண்டோம். ஊசி, மின்கலம், கழிப்பறை அமிலம் போன்றவற்றை விழுங்கியிருந்தால், வாந்தி எடுக்கச் செய்வது இரண்டாம் முறை காயப்படுத்துவதாகும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்கக் கூடாது. விழுங்கிய பொருளின் உறை அல்லது எஞ்சிய துண்டையும், விழுங்கிய நேரத்தின் குறிப்பையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் விரைய வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் சென்றால், பெரும்பாலான நஞ்சுகளைக் குடலில் கலப்பதற்கு முன்பே மருத்துவரால் வெளியேற்ற இயலும். தொடர் வாந்தி, உணவை மறுத்தல், வயிற்றைத் தொட்டால் முனகுதல், மலம் கழிக்காமை ஆகியவை குடல் அடைப்பின் அறிகுறிகள். இவற்றில் ஒன்று தென்பட்டாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

தடுப்பதற்கு ஆகும் செலவு, ஒரு மூடியிட்ட தொட்டியும் சில இறைச்சித் துணுக்குகளும். தவறினால் ஆகும் செலவை ஏழைக் குடும்பம் தாங்காது. பல வீடுகளில் அந்தக் கணக்கு குட்டியின் உயிரோடு முடிகிறது. தகவல் இல்லாமை என்ற ஒன்றே இதற்குக் காரணம் என்றால், தீர்வும் மலிவானதுதான். தேனியில் 2020-இல் தொடங்கப்பட்ட அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி, இந்தப் பள்ளத்தாக்கின் திராட்சையையும் புளியையும் எலி மருந்தையும் முன்னிறுத்தி ஒரு பக்கத் துண்டறிக்கையைத் தமிழில் வெளியிடலாம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி முகாம்களில் அதை ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கலாம். கோம்பைக் குட்டியை விற்போர் அதைக் குட்டியுடன் சேர்த்துத் தருவதை வழக்கமாக்கலாம்.

நாட்டு நாய் இனத்தைக் காப்பது நமது பெருமை என்று பேசுகிறோம். அந்தப் பெருமை, குட்டி வாயில் எதையோ கவ்வி நிற்கும் அந்த நொடியில் சோதிக்கப்படுகிறது. அப்போது கையை நீட்டிப் பிடுங்குகிறோமா, உள்ளங்கையை விரித்து ஒன்றைக் கொடுத்து மற்றொன்றைப் பெறுகிறோமா என்பதே கேள்வி. கட்டிலுக்கு அடியில் அன்று நான் நீட்டியது வெறுங்கை. அது வெறுங்கையாக இல்லாதிருந்தால், அந்தக் குட்டியின் வயிற்றில் இன்றும் இருக்கும் தழும்பு இருந்திருக்காது.